சாண்டோரினியில் ஒரே ஒரு பகல்: மேலே ஏறுவதா, கப்பலிலேயே இருந்துவிடுவதா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் என் மனைவியும் ரோமுக்கு அருகிலுள்ள சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து ஏழு இரவுகள் கொண்ட சொகுசுக் கப்பல் பயணம் ஒன்றுக்குப் புறப்படுகிறோம். எங்களுக்குத் திருமணமாகி இந்த ஆண்டோடு முப்பது ஆண்டுகள் நிறைவடைகின்றன. விசா, பயணச்சீட்டு எல்லாம் முடிந்துவிட்டன. இத்தாலி, கிரேக்கம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா; அதில் சேராத துருக்கியின் குசாடாசி துறைமுகமும் இடையில் வருவதால், பல முறை நுழைவதற்கான விசாவாகவே வாங்கிவிட்டோம்.

நாங்கள் இருவரும் அதிகம் எதிர்பார்த்திருந்தது கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவைத்தான். கப்பல் காலை ஏழு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்து, மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டுவிடும். ஆனால் என் மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருக்கிறது. சமதரையில் அரை மணி நேரம் நடப்பார்; படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கடினம். அந்தத் தீவில் கப்பல் கரையோடு அணையாது, சிறு படகில்தான் போக வேண்டும், படகு விடுகிற இடத்திலிருந்து ஊர் செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கிறது, கேபிள் காருக்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டும் என்றெல்லாம் படித்ததிலிருந்து, "நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன்" என்கிறார். அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்று வலியோடு திரும்பி வரவும் விரும்பவில்லை.

இந்த ஒரு பகலை இருவரும் சேர்ந்தே கழிக்க வழி இருக்கிறதா? முழங்கால் வலி உள்ள ஒருவர் எந்த அளவுக்குப் போய்வர முடியும்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தென்றல்64 எழுதியது:

வணக்கம் ஐயா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் போய்வந்தோம். நாங்கள் செய்த தவற்றைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கப்பலில் நிதானமாகக் காலை உணவை முடித்துக்கொண்டு பத்தரை மணிக்குத்தான் படகில் ஏறினோம். அந்த நேரத்தில் எல்லோருமே கீழ்த்துறையில் இறங்கியிருந்தார்கள். கேபிள் காரில் ஏறுவதற்கே ஒன்றே கால் மணி நேரம் ஆகிவிட்டது. மேலே ஃபிரா நகரத்துக்குப் போனதும், தீவின் வடகோடியில் இருக்கும் இயாவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று பேருந்தைப் பிடித்து ஓடினோம். அங்கே முக்கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், கீழே இறங்குவதற்கான வரிசை நிலையத்தைத் தாண்டிச் சந்து முழுவதும் நீண்டு கிடந்தது. கடைசிப் படகைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில், படிவழியாகவே இறங்கிவிடலாம் என்று என் கணவர் சொல்ல, நானும் சரி என்றுவிட்டேன்.

மொத்தம் 588 படிகள். கல் பாவிய, அகலமான, வளைந்து வளைந்து இறங்குகிற படிகள். காலங்காலமாகத் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட கற்கள். பயணிகளைச் சுமக்கிற கழுதைகளும் கோவேறு கழுதைகளும் அதே வழியில்தான் ஏறி இறங்குகின்றன. சாணத்தை மிதிக்காமல் கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். எதிரே ஒரு கூட்டம் வந்தால் சுவரோரமாக ஒண்டிக்கொள்ள வேண்டும். எனக்கு முழங்காலில் எந்தக் குறையும் இல்லை. இருந்தும் அடுத்த இரண்டு நாட்கள் காலை மடக்க முடியவில்லை. எக்காரணம் கொண்டும் உங்கள் மனைவி அந்தப் படிகளில் இறங்கக் கூடாது. கழுதைமேல் ஏறிக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். 100 கிலோவுக்கு மேலோ, விலங்கின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ அந்த விலங்குகள்மீது ஏற்றக் கூடாது என்று கிரேக்க அரசு 2018இல் விதியே கொண்டுவர வேண்டியிருந்தது. வெயிலில் வரிசையாக நிற்கும் அவற்றின் முகத்தைப் பார்த்த எனக்கு, ஏறி உட்கார மனம் ஒப்பவில்லை.

ஆகவே, போவதாக இருந்தால் சீக்கிரம் போங்கள், இயாவை மறந்துவிடுங்கள். கூட்டம் திரும்புவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

கடலோடி எழுதியது:

ஐயா, நான் தூத்துக்குடிக்காரன். பயணிகள் கப்பல்களின் மேல்தளப் பணியாளனாகப் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சாண்டோரினிக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. தென்றல் அம்மா சொன்னது முற்றிலும் சரி. அதன் காரணத்தையும் தெரிந்துகொண்டால் உங்களுக்குத் திட்டமிடுவது எளிதாகும்.

ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி உள்ளே அமிழ்ந்து, அந்தப் பள்ளத்தில் கடல் நிறைந்துவிட்டது. நீங்கள் போய் நிற்கப்போவது அந்த எரிமலையின் வாய்க்குள்தான். சுற்றிலும் உயர்ந்து நிற்கிற பாறை, நீருக்கு அடியிலும் அதே செங்குத்தாக இறங்குகிறது. ஆழம் சில இடங்களில் 400 மீட்டரை நெருங்கும். எனவே பெரிய கப்பல்கள் அங்கே வழக்கமான முறையில் நங்கூரம் போட முடியாது. பக்கவாட்டு உந்துவிசை இயந்திரங்களை இயக்கியபடியே கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருப்போம். அறையில் படுத்திருந்தால் தரையில் மெல்லிய அதிர்வு பகல் முழுவதும் தெரியும். பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்த ஊர்ப் படகுக்காரர்கள்தான்.

கேபிள் காரின் கணக்கைப் பாருங்கள். ஒரு வரிசையில் ஆறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஆறு பேர். ஒரு தடவைக்கு 36 பேர்தான். பயணம் என்னவோ மூன்று நிமிடம்தான், ஆனால் ஒரே கப்பலில் 3000 பேர் வருவார்கள். நாளொன்றுக்குக் கப்பல் பயணிகள் 8000 பேருக்கு மேல் வரக் கூடாது என்று 2025 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்கு உட்பட்டே இரண்டு மூன்று கப்பல்கள் ஒரே நாளில் நிற்கலாம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மேலே ஏறுகிற கூட்டம். பிற்பகல் இரண்டரைக்கு மேல் இறங்குகிற கூட்டம். இந்த இரண்டுக்கும் இடையில் கேபிள் கார் ஓரளவு காலியாகவே ஓடும். அதனால் முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது எப்போது இறங்குவது என்பதைத்தான். பகல் ஒரு மணிக்குள் இறங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். முதல் ஓரிரு படகுகளிலேயே போய்விட்டால் மேலே மூன்று மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு அதுவே போதும்.

இன்னொரு வழியும் உண்டு. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்கிற சுற்றுலாவில் சேர்ந்தால், படகு உங்களைப் பெரும்பாலும் அத்தினியோஸ் என்ற வேறொரு துறையில் இறக்கிவிடும்; அங்கிருந்து கொண்டையூசி வளைவுகள் வழியே பேருந்திலேயே மேலே போகலாம். கடைசியில் ஃபிராவில் விட்டுவிடுவார்கள். இறங்குவதற்கு மட்டும் கேபிள் கார். செலவு கூடுதல்தான். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. ஒவ்வொருவரின் அட்டையும் இறங்கும்போதும் ஏறும்போதும் பதிவாவதால், யார் இன்னும் திரும்பவில்லை என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் புறப்பட்டிருக்கிறோம். துறையில் நின்று கையசைத்தவர்களைப் பார்த்தபடியே கதவை மூடியது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

படகில் ஏறுவதைப் பற்றி உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து படகுக்குக் கால் வைக்கிற அந்த ஓர் அடிதான் கடினம். அலையில் படகு ஏறி இறங்கும். இரு கைகளிலும் எதுவும் இருக்கக் கூடாது. பையை நீங்கள் முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். அங்கே நிற்கிற மாலுமியின் விரல்களைப் பிடிக்காமல், அவரது முன்கையைப் பிடிக்க வேண்டும். அவரும் உங்கள் மனைவியின் முன்கையைப் பிடித்துக்கொள்வார், வழுக்காது. அவர் "இப்போது" என்று சொல்லும்வரை காலை எடுக்க வேண்டாம். முழங்கால் வலி இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதில் கூச்சமே வேண்டாம், ஒருவருக்கு இருவர் நின்று இறக்கிவிடுவோம். காற்று பலமாக இருந்தால் கப்பல் தலைவர் படகுப் போக்குவரத்தையே ரத்து செய்துவிடுவார். செப்டம்பர் கடைசியில், கோடையில் அடிக்கிற வடகாற்று ஓரளவு தணிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. இத்தாலியைவிடக் கிரேக்கம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. கடிகாரத்தை எப்போது திருப்ப வேண்டும் என்று முந்தைய இரவே அறைக்குத் தகவல் வரும். கைப்பேசியை நம்பாமல் கப்பலின் நேரத்தையே பின்பற்றுங்கள். 2025 ஜூலை முதல் கரையிறங்கும் பயணிகளுக்குக் கட்டணமும் வந்துவிட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாண்டோரினியில் ஆளுக்கு 20 யூரோ. அது உங்கள் கப்பல் கணக்கில் ஏறியிருந்தால் தவறு என்று எண்ணிவிடாதீர்கள்.

மார்கழிப்பனி எழுதியது:

இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கப்பலிலேயே இருந்துவிடுவதை ஒரு தோல்வியைப் போல யாரும் உங்கள் மனைவிக்குத் தோன்றச் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து எட்டு மாதங்களில் நாங்கள் அங்கே போனோம், கரையிறங்கவே இல்லை. நீச்சல் குளத்தருகே வழக்கமாக ஒரு நாற்காலிகூடக் கிடைக்காது; அன்று முழுத் தளமும் எங்களுடையதாக இருந்தது. மேலே ஊரில் நிற்பவர்கள் கடலைப் பார்க்கிறார்கள். ஊரையும் பாறையையும் முழுமையாகப் பார்ப்பவர்கள் கப்பலில் இருப்பவர்கள்தான்.

நீங்கள் மேலே போனாலும் போகாவிட்டாலும், விடியலுக்கு முன்பே இருவரும் கப்பலின் முன்புற மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். அந்த அரை மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை, படியும் இல்லை.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் எங்கள் இருவரின் நன்றி. கடலோடி அவர்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். முன்கையைப் பிடிப்பது பற்றிய பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். இப்போது "பார்க்கலாம்" என்கிறார். நாங்கள் சைவம், மேலே சாப்பிட ஏதாவது கிடைக்குமா, கப்பலுக்கே திரும்பிவிட வேண்டுமா?

தென்றல்64 எழுதியது:

தாராளமாகக் கிடைக்கும் ஐயா. அந்தத் தீவில் விளைகிற மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் சேர்த்துத் தருவார்கள். அதன் பெயர் ஃபாவா. நம் வீட்டுப் பருப்புக் கடைசலைச் சாப்பிடுவது போலவே இருக்கும். தக்காளியில் செய்கிற வடை ஒன்றும் உண்டு. மழை குறைவான எரிமலை மண்ணில் விளைவதால் அந்தத் தக்காளி சிறியதாகவும் சுவை செறிந்ததாகவும் இருக்கிறது. மீன், இறைச்சி சேர்க்காமல் வேண்டும் என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

போய் வந்துவிட்டோம். உதவி கேட்டு எழுதிவிட்டு, நடந்ததைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மார்கழிப்பனி அம்மா சொன்னபடி விடியலுக்கு முன்பே மேல்தளத்தில் போய் நின்றோம். இருட்டில் முதலில் தெரிந்தது உயரத்தில் ஒரு விளக்கு வரிசை மட்டும்தான். வெளிச்சம் பரவப் பரவ அதற்குக் கீழே பாறையின் நிறங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன: அடியில் கருப்பு, அதன்மேல் துருச் சிவப்பு, பிறகு சாம்பல், உச்சியில் வெளிர்நிறச் சாம்பல் படுகை, அதற்கும் மேலே வெள்ளை வீடுகள். என் மனைவி வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெட்டின கிணற்றுக்குள் நின்று மேலே பார்க்கிற மாதிரி இருக்கிறது" என்றார். அவருடைய அப்பா தோட்டத்தில் கிணறு வெட்டியபோது மேல்மண், செம்மண், சுக்காம்பாறை, கரும்பாறை என்று ஒவ்வொரு அடுக்காக வெளிப்பட்டதைச் சிறு வயதில் பார்த்தவர் அவர். அவர் சொன்ன பிறகு எனக்கும் அது கிணறாகவே தெரிந்தது. கிணற்றின் விளிம்பில் ஊர். கிணற்றுத் தண்ணீரில் எங்கள் கப்பல். நடுவில் நியா கமேனி என்கிற கரிய தீவு. 1950இல் கடைசியாக எரிமலை பொங்கிய இடம் அதுதான் என்று கப்பலில் அறிவித்தார்கள்.

இரண்டாவது படகில் இடம் கிடைத்தது. கதவருகே போனதும் மனைவி தானாகவே கையை நீட்டி மாலுமியின் முன்கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இளைஞருக்கே சற்று வியப்பு. ஒரே அடி, படகுக்குள் இறங்கிவிட்டார். கேபிள் காருக்குப் பத்து நிமிடம்தான் நின்றோம். ஒரு செய்தியை மட்டும் அடுத்து வருகிறவர்களுக்காகச் சொல்ல வேண்டும்: கேபிள் கார் நிலையத்துக்குள்ளும் சில படிகள் உண்டு, பெட்டிகள் சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்பதால், மேல் பெட்டிக்குப் போக ஏற வேண்டும். நாங்கள் கேட்டுக்கொண்டு கீழ்ப் பெட்டியிலேயே ஏறினோம்.

மேலே நாங்கள் போனது ஒரே இடத்துக்குத்தான்: பேராலயத்துக்கு அருகிலுள்ள தொல்பழங்காலத் தீரா அருங்காட்சியகம் (தீரா என்பது சாண்டோரினியின் இன்னொரு பெயர்). அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து போனதால், கால் மணி நேர நடைக்கும் குறைவான தூரத்துக்கு அரை மணி நேரம் ஆனது. 1967இல் ஸ்பைரிடான் மரினாட்டோஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் அகழத் தொடங்கிய, இதே தீவிலுள்ள அக்ரோத்திரி என்ற பழைய ஊரில் கிடைத்தவைதான் அங்கே இருக்கின்றன. எரிமலைச் சாம்பல் மூடிய அந்த ஊரில் மனித எலும்புக்கூடுகளே கிடைக்கவில்லையாம். பெருவெடிப்புக்கு முன்பே மக்கள் வெளியேறிவிட்டிருக்க வேண்டும். மரத்தாலான முக்காலி மேசை ஒன்று மட்கிப்போய், சாம்பலில் அதன் வடிவம் மட்டும் பள்ளமாக எஞ்சியிருந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் சாந்தை ஊற்றி மேசையின் உருவத்தை மீட்டு வைத்திருக்கிறார்கள். கால்களில் செதுக்கிய பூவேலைகூட அப்படியே தெரிகிறது.

ஆனால் மனைவியை நிறுத்தி வைத்தது நீலக் குரங்குகளின் சுவரோவியம். பாறைகளில் தாவி ஏறுகிற குரங்குகள். வால்கள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. "முதுமலைச் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்குமே மந்தி, அதுதானே இது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். கப்பலுக்குத் திரும்பித் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, குரங்கின ஆய்வாளர்கள் சிலரும் அதையே சொல்லியிருக்கிறார்கள் என்று. உடலமைப்பையும் வாலைத் தூக்கும் விதத்தையும் வைத்து அவை இந்தியத் துணைக்கண்டத்துச் சாம்பல் மந்திகளாக இருக்க வேண்டும் என்றும், அக்கால ஓவியர்கள் சாம்பல் நிறத்துக்கு நீலத்தைப் பயன்படுத்தினார்கள் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். 3600 ஆண்டுகளுக்கு முன் சுவரில் வரைந்ததை அவர் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டார். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு நிழலான ஓரிடத்தில் ஃபாவாவும் தக்காளி வடையும் சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டரைக்கு இறங்க வந்தோம்; இருபது நிமிட வரிசை. ஒன்றரைக்கெல்லாம் கப்பலில் இருந்தோம். மனைவி முழங்கால்மீது பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு ஆளில்லாத மேல்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். எதிரே ஆறு பெட்டிகள் கோத்த அந்தச் சரம் பாறைமீது ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மூன்று மணிக்கு மேல், உச்சியில் நின்ற வரிசை வெறும் கண்ணுக்கே புள்ளிகளாகத் தெரிந்தது. அவர்களைப் பார்த்து இரக்கமாக இருந்தது.

இயாவுக்குப் போகவில்லை. ஆனால் மாலையில் கப்பல் வடக்கு வாயில் வழியாக வெளியேறியபோது, இயாவை முழுவதுமாக, தாழ்ந்த வெயிலில், இருவரும் சேர்ந்து பார்த்தோம். பால்கனி அறையை எந்தப் பக்கம் எடுப்பது என்று யோசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நங்கூரம் இல்லாமல் நிற்பதால் கப்பல் பகல் முழுவதும் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது, காலையில் எங்கள் அறைக்கு எதிரே இருந்த ஊர், பிற்பகலில் மறுபக்கம் போய்விட்டது. திறந்த மேல்தளமே நல்லது.

மறுநாள் காலை முழங்கால் சற்று வீங்கியிருந்தது. குசாடாசியில் கப்பல் நேரடியாகத் துறைமேடையில் அணைந்தும், அன்று நாங்கள் எங்கும் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.